மழைநீர் வடிகாலும் மக்கள் கல்வியும்

தெருவோர நீர்வழி எதுவாயினும் அதனைச் 'சாக்கடை' என்னும் ஒரே சொல்லால் சுட்டுவது நம் வழக்கமாகிவிட்டது. சொல் மயங்கின் செயலும் மயங்கும் என்பதற்குக் கே.கே. நகரின் மழைநீர் வடிகால்களே சான்று.

வீட்டுக் கழிவுநீர், சென்னைக் குடிநீர் வாரியத்தின் நிலத்தடிக் குழாய்கள் வழியே சுத்திகரிப்பு நிலையத்திற்குச் செல்ல வேண்டியது. மழைநீர் வடிகாலோ மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளது. அதில் விழுவது எதுவாயினும் சுத்திகரிக்கப்படாமலே தெற்கே ஓடும் அடையாற்றைச் சேர்ந்து கடலில் கலக்கும். பட்டறை எண்ணெயும், உணவுக்கடைக் கழிவும், பிளாஸ்டிக் பைகளும், முறையின்றி இணைக்கப்பட்ட கழிவுநீர்க் குழாய்களும் ஆற்றைக் கெடுப்பது இவ்வாறே. வடிகால் அடைபடின் மழைநீர் நம் வாயிலுக்கே திரும்பும்.

ஆறு உள்ளாட்சி எல்லைகளை அறியாது. சுமார் 42 கிலோமீட்டர் நீளமுள்ள அடையாறு, 2021ஆம் ஆண்டில் அமைந்த தாம்பரம் மாநகராட்சியின் அனகாபுத்தூரைக் கடந்து சென்னைக்குள் புகுகிறது. மேலே எறியப்பட்டது கீழே வந்து சேரும். ஆகவே ஒரு மாநகராட்சி மட்டும் தன் மக்களுக்கு அறிவுறுத்தினால் போதாது. சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை பல துறைகளை ஒருங்கிணைத்து வருகிறது. 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவில் பள்ளி மாணவர்க்குச் சூழலியல் கல்வியும் அளித்து வருகிறது.

இம்முயற்சி பூங்காவின் வேலியைத் தாண்டித் தெருவுக்கு வருதல் வேண்டும். இரு மாநகராட்சிகளும் குடிநீர் வாரியமும் ஒரே பாடத்தை ஒரே சொற்களில் கற்பித்தல் வேண்டும். வடிகால் மூடிதோறும் 'இது ஆற்றுக்குச் செல்லும் நீர்வழி' என எழுதி வைப்பின் அதுவே முதற்பாடமாகும். அத்தகைய வாசகங்களைக் குழந்தையும் உணரும் எளிய தமிழில் அமைத்துத் தருதல் தமிழ்த்துறை மாணவர்க்குரிய பணியன்றோ? 2015ஆம் ஆண்டு டிசம்பரில் பெருகிவந்த அடையாற்றைக் கண்ட நாம், அடுத்த மழைக்கு முன்னரே அப்பணியைத் தொடங்குவோமாக.