காரைக்காற் கோடையும் நான்கு காற்றுகளும்

நூலிற் கற்றதனைக் கண்ணாற் கண்டு தெளிதலினும் சிறந்த கல்வி பிறிதில்லை. சென்ற கோடை விடுமுறையில், கத்திரி வெயில் கடுமையுற்றிருந்த நாளொன்றில், நண்பர் மூவரும் யானும் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் காரைக்காற் பகுதியை ஒரு பகலிற் சுற்றி வந்தோம். அப்பகலில் எம்மேல் வீசிய காற்று நான்கு வகைப்படும். அவை எழும் காரணங்களையும், வழிச்செல்வோர் அவற்றைப் பிரித்தறிய வேண்டிய அவசியத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவற்றுள் ஒன்றை மற்றொன்றாகக் கருதிய பிழையினால் யாங்கள் உயிருக்கு அஞ்ச நேர்ந்தது. அதனையும் மறையாது கூறுவேன்.

காரைக்கால், காவிரியின் கிளைகள் கடலோடு கலக்குமிடத்தில், தமிழ்நாட்டு நிலத்தால் மூன்று புறமுஞ் சூழப்பட்ட சிறு பகுதி. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்ற இது, 1954-இல் நடைமுறையிலும் 1962-இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்து, இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டமாக விளங்குகின்றது. இங்கே குன்றில்லை, பெருங்காடும் இல்லை. கிழக்கே கடல்; மேற்கே அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் வயல். இவ்விரண்டிற்கும் இடையே நிகழும் போட்டியே இவ்வூர்க் கோடையின் இயல்பினை உருவாக்குகின்றது.

முதலாவது, நிலக்காற்று. கதிரவன் எழுமுன் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்று, நண்டலாற்றைக் கடந்து தரங்கம்பாடியை அடைந்தோம். நிலம் விரைவிற் சூடேறி விரைவிற் குளிரும். கடலோ மெல்லச் சூடேறி மெல்லக் குளிரும். ஆதலின் இரவின் கடைப்பகுதியில் நிலத்தின் மேலுள்ள காற்றுக் குளிர்ந்து கனத்துக் கடலை நோக்கி மெல்லென நகரும். 1620-இல் டேனியர் எழுப்பிய கோட்டையருகில் நின்று, 1706-இல் அத்துறையில் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயரது தமிழ் அச்சுப்பணியைப் பற்றி உரையாடினோம். வண்டி செலுத்துவோர்க்கு அக்காலைப் பொழுதே உற்ற பொழுதாகும்.

இரண்டாவது, மேல்காற்று. முற்பகலில் திரும்பி, காரைக்காலைக் கடந்து திருநள்ளாற்றை நோக்கிச் செல்லுகையில் அது முகத்தில் அறைந்தது. மே மாதத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று, காய்ந்த நிலத்தின் மீது நெடுந்தூரம் ஊர்ந்து அனலாகி வருகின்றது. வேகமாகச் சென்றால் குளிரும் என்று இளைஞர் எண்ணுவர். காற்றின் உஷ்ணம் உடலின் உஷ்ணத்தினும் மிகுந்துவிட்டால், வேகமும் வெப்பத்தையே சேர்க்கும். வியர்வை ஆவியாதல் ஒன்றே உடலைக் குளிர்விக்கும். உலர்ந்த காற்றில் அவ்வியர்வை உடனே மறைவதால், உடல் நீரிழப்பதை நாம் உணர்வதில்லை. நண்பர் ஒருவர்க்குத் தலைவலியும் மயக்கமும் உண்டாயின. நளதீர்த்தத்தின் அருகே நிழலில் அவரை அமர்த்தி, உப்பிட்ட நீர்மோர் அருந்தச் செய்தபின் தெளிந்தார். தாகம் தோன்றுமுன் நீர் பருகவேண்டும் என்பது அன்று கற்ற முதற்பாடம்.

மூன்றாவது, கடற்காற்று. நிலத்தின் மேலுள்ள காற்றுச் சூடேறி எழ, அவ்விடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று உட்புகும். மேல்காற்று வலிதாயின் இது காலந்தாழ்த்தே வரும். அன்று பிற்பகல் இரண்டு மணிக்குமேல் தென்னங்கீற்றுகள் திடீரெனக் கிழக்கிலிருந்து அசைந்தன, வெப்பம் தணிந்தது. அந்த இதத்தில் மகிழ்ந்து, பேரளம் செல்லும் சாலையில் அம்பகரத்தூரை நோக்கி மேற்கே புறப்பட்டோம்.

கடற்காற்றும் மேல்காற்றும் எதிர்ப்படும் இடத்தில், இரண்டும் ஒன்றையொன்று தடுக்க, ஈரக்காற்று மேலெழுந்து முகிலாகின்றது. கோடை இடிமழை இவ்வாறே பெரும்பாலும் உண்டாகின்றது. மேற்கே அத்தகைய முகிலொன்று உச்சி பரந்து கறுத்து நின்றது. சிறிது நேரம் காற்று அடங்கிற்று. பின்னர்க் குளிர்ந்த காற்றொன்று புழுதியை வாரிக்கொண்டு வீசியது. “கடற்காற்று வலுத்துவிட்டது” என்று யாவரும் களித்தோம். அஃது எம் பிழை. கடற்காற்றுக் கிழக்கிலிருந்து முதுகில் வீசவேண்டும். இதுவோ மேற்கிலிருந்து மார்பில் வீசியது. மழையினாற் குளிர்ந்த காற்று முகிலினின்று கீழே விழுந்து தரையிற் பரவுவதே இந்நான்காம் காற்று. இதன் குளிர்ச்சி, இடி அணிமையில் உள்ளது என்பதற்கு அறிகுறி.

பெருந்துளிகள் விழவே, வயலோரத்து வேப்பமரத்தடியில் ஒதுங்கினோம். மின்னலொன்று தோன்றிற்று, மூன்று விநாடியில் இடி கேட்டது. ஒலி ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும் என்று வகுப்பிற் கற்றது அப்பொழுதே நினைவிற்கு வந்தது. உடனே மரத்தைவிட்டு, சற்றுத் தொலைவிலிருந்த நெல் அரைவை ஆலைக்குட் புகுந்தோம். மழை நின்று வெளிப்போந்தபோது, அம்மரத்திற்கு அடுத்த வரப்பிலிருந்த பனையின் கொண்டை கருகிப் புகைந்துகொண்டிருந்தது. நெடுநேரம் எவரும் பேசவில்லை.

ஆதலின் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம். இடியொலி காதில் விழுந்த அளவிலேயே கட்டிடத்துள் புகுக; கடைசி இடிக்குப்பின் அரைமணி நேரம் வெளிவராதிருக்க. மோட்டார் காரின் இரும்புக்கூடு மின்னலைத் தரைக்குச் செலுத்தி உள்ளிருப்போரைக் காக்கும். மோட்டார் சைக்கிளின் ரப்பர் டயர்கள் அவ்வாறு காவா. காரைக்காலிலுள்ள வானிலை ராடார் முகில்களின் போக்கைக் காட்டுகின்றது. அப்படத்தைப் புறப்படுமுன் கைபேசியில் நோக்குதல் அரிதன்று.

மழைக்குப்பின் சாலையும் பகையாகும். முதல் மழையில் எண்ணெயும் தூசியும் நீரோடு குழைந்து தார்ச்சாலையை வழுக்கச் செய்யும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். வேகம் இருமடங்கானால், பிரேக்கை அழுத்தியபின் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்மடங்காகும். ஆதலின் மெல்லவே திரும்பினோம்.

மாலையில் அரசலாற்று முகத்துவாரத்தருகே மணலில் அமர்ந்தபோது வானம் தெளிந்திருந்தது. காலையில் எம்முள் விரைந்து செலுத்த வல்லவரே திறமையுடையார் எனப்பட்டார். மாலையில் அப்பட்டம் காற்றின் திசையை நோக்கத் தெரிந்தவர்க்கு உரியதாயிற்று. நண்பர்களே, நீங்களும் இவ்வழியே செல்க. செல்லுங்கால் அடிக்கடி நின்று, காற்று எப்புறத்திருந்து வருகின்றது என்று நோக்கிச் செல்க.