விக்கிப் பக்கத்தை அழகாக்கப் போய், படிக்க முடியாமல் ஆக்குவது எப்படி?

தன் ஊரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒருவர் கட்டுரை எழுதுகிறார். பார்க்க எடுப்பாக இருக்கட்டுமே என்று முக்கியமான வரிகளுக்குக் கருநீல நிறம் கொடுக்கிறார். கணினியில் பார்த்தால் சூப்பர். அதே பக்கத்தை ராத்திரி கைபேசியில் 'டார்க் மோடு' போட்டு இன்னொருவர் திறக்கிறார். கறுப்புப் பின்னணியில் கருநீல எழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியவில்லை!

விக்கிப்பீடியாவில் டார்க் மோடு வந்தது 2024-ல். நிறம் எதுவும் குறிக்காத எழுத்து தானாகவே வெளுத்துவிடும். கையால் நிறம் கொடுத்த எழுத்து அப்படியே நின்றுவிடும். அதனால்தான் எழுத்து நிறம் கொடுத்தால் பின்னணி நிறத்தையும் சேர்த்தே கொடுங்கள் என்கிறார்கள். ரெண்டையும் கொடுக்காமல் விடுவது இன்னும் உத்தமம்.

சரி, இந்தக் குறியீடுகள் எங்கிருந்து வந்தன? 1995-ல் அமெரிக்காவின் வார்ட் கன்னிங்காம் முதல் விக்கித் தளத்தைத் தொடங்கினார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் வேகம். நிரல் எழுதத் தெரியாதவரும் சட்டென்று பக்கம் எழுத வேண்டும் என்பதால் குறிகளும் எளிமையாகவே அமைந்தன. சொல்லின் இரு பக்கமும் ஒற்றை மேற்கோள் குறியை இரண்டு முறை போட்டால் சாய்வெழுத்து, மூன்று முறை போட்டால் தடித்த எழுத்து. இரட்டை மேற்கோள் குறி போட்டால் வேலைக்கு ஆகாது. சில கைபேசி விசைப்பலகைகள் நேர்க்குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும். அப்போதும் எழுத்து தடிக்காது.

சாய்வெழுத்து ஆங்கிலத்துக்குப் பொருந்தும். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் விழப்போவது போலத்தான் இருக்கும். நூல் பெயருக்கு மேற்கோள் குறியே போதும்.

புதியவர்கள் அதிகம் மாட்டுவது ஒரு வெற்றிடத்தில். பள்ளியில் பத்தியின் முதல் வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதிப் பழகியிருப்போம் இல்லையா? அதே பழக்கத்தில் வரித் தொடக்கத்தில் ஒரு இடைவெளி விட்டால், விக்கி அந்த வரியைத் தனிப் பெட்டிக்குள் அடைத்துவிடும்.  அந்த இடைவெளியை அழித்தால் சரியாகிவிடும்.

தலைப்பு விஷயம் இதைவிட முக்கியம். துணைத்தலைப்பின் இரு பக்கமும் இரண்டிரண்டு சமக்குறி போட வேண்டும். (ஒற்றைச் சமக்குறி பக்கத்தின் பெயருக்குரிய நிலை என்பதால் அதைத் தொடுவதில்லை.) பலர் எழுத்தைத் தடிமனாக்கிவிட்டு அதுவே தலைப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணுக்கு அது தலைப்பு போலத் தெரியலாம். ஆனால் பொருளடக்கத்தில் அது ஏறாது. பார்வையற்ற வாசகர்கள் திரைவாசிப்பு மென்பொருளில் ஒரே விசையில் தலைப்பு தலைப்பாகத் தாவிப் போவார்கள். தடித்த எழுத்தை அந்த மென்பொருள் தலைப்பாக எடுத்துக்கொள்ளாது. வேண்டிய பகுதிக்காக முழுக் கட்டுரையையும் அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தோற்றம் வேண்டுமென்றால் 'வார்ப்புரு' உண்டு. அதில் ஒரு இடத்தில் கை வைத்தால், அதைப் பயன்படுத்தும் பக்கங்கள் அத்தனையும் மாறும். அதனாலேயே அதிகம் புழங்கும் வார்ப்புருக்களைப் பூட்டி வைப்பதுண்டு.

பழகிப் பார்க்க 'மணல்தொட்டி' இருக்கிறது. அங்கே என்ன கிறுக்கினாலும் கட்டுரைகளுக்குச் சேதமில்லை. கட்டுரையிலேயே தப்பு நடந்துவிட்டாலும், வரலாற்றுப் பக்கத்தில் பழைய பதிப்புகள் இருக்கும். நேற்றைய பதிப்புக்குத் திரும்ப ஒரு நிமிடம் கூட ஆகாது.