கதவைத் தட்டுவது ‘ஐ’யா, ‘மீ’யா?

ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் எப்போதோ உதிர்த்துவிட்டன. அந்தப் பழைய வழக்கம் பிரதிப்பெயர்களில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. எழுவாயாக வந்தால் ஐ, ஹி, ஷி, வீ, தே. செயப்படுபொருளாகவோ முன்னிடைச்சொல்லுக்குப் பின்போ வந்தால் மீ, ஹிம், ஹெர், அஸ், தெம். டேனிஷ் மொழியிலும் இதே இரட்டைகள் உண்டு: ‘யை’ என்றால் நான், ‘மை’ என்றால் என்னை. என்னை, எனக்கு, என்னோடு என்று தமிழ் பிரித்துச் சொல்வதையெல்லாம் இவ்விரு மொழிகளும் ஒரே வடிவத்தில் அடக்கிவிடுகின்றன.

ஆள் ஒருவராக இருக்கும்வரை குழப்பமில்லை. ‘அண்ட்’ போட்டு இன்னொருவரைச் சேர்த்ததும்தான் தடுமாற்றம் வருகிறது. டென்மார்க்கின் கோல்டிங் நகரிலும் இதே கதைதான். ‘நானும் தம்பியும்’ என்று தொடங்க வேண்டிய இடத்தில் ‘மை’ என்று தொடங்குவது டேனிஷ் பேச்சில் சகஜம். ஆங்கிலத்தில் ‘மீ அண்ட் மை பிரதர் வென்ட்’ என்பதும் அதே வகை. கூட வந்தவரை நீக்கிப் பார்த்தால் உண்மை தெரியும்: ‘மீ வென்ட்’ நிற்காது, ‘ஐ வென்ட்’ நிற்கும். இப்படித் திருத்தப்பட்டவர்கள் ‘மீ’ என்றாலே தவறு என்று அஞ்சி, ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று எழுதுவதும் உண்டு. ‘பிட்வீன்’ ஒரு முன்னிடைச்சொல். அங்கே ‘மீ’தான் சரி.

இனி, கதவைத் தட்டியவரிடம் ‘யார்?’ என்று கேட்டால் தமிழர் சொல்வது ‘நான்தான்’. கோல்டிங்கில் கேட்பது ‘டே எ மை’. சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘அது என்னை’ என்றாகும். ஆனால் டேனிஷில் அதுவே திருத்தமான வழக்கு. ஆங்கிலத்தில் ‘இட் இஸ் ஐ’ என்பதே சரி என்று பழைய இலக்கணிகள் லத்தீனை முன்னிறுத்தி வாதிட்டார்கள். மக்களோ ‘இட்ஸ் மீ’ என்றே பேசினார்கள். 1860இல் ராண்டர்ஸில் பிறந்த டேனிஷ் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதே ஆங்கில வேற்றுமைகளைத்தான் (1891). அந்த மாற்றங்களைச் சீரழிவாக அவர் பார்க்கவில்லை, மொழியின் வளர்ச்சியாகவே கண்டார். அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் ‘இட்ஸ் மீ’ இயல்பான வழக்கு. ‘இட் இஸ் ஐ’ மிகவும் விறைப்பாக ஒலிக்கும்.

‘ஹூ’, ‘ஹூம்’ இரண்டும் அதே பாதையில் போகின்றன. டேனிஷில் ‘யார்’ என்பதற்கு எழுவாய் வடிவமாக ஒரு காலத்தில் ‘வோ’ இருந்தது. செயப்படுபொருள் வடிவமான ‘வெம்’ அதன் இடத்தையும் எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் வெல்வது மறுபக்கம்: பேச்சில் ‘ஹூம்’ மங்கி, ‘ஹூ’ பரவுகிறது. ஆனால் ‘டு’, ‘வித்’ போன்ற முன்னிடைச்சொல்லை அடுத்து வரும்போது, தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் ‘ஹூம்’ என்றே எழுத வேண்டும்.