பல் ஆடுவது பரம்பரையா?

"எங்கட குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் பல் ஆடிவிடும் சுவாமி, அது பரம்பரை" என்றார், இடம்பெயர்ந்து மடவளையில் வாழும் ஒரு தாய். அவர் சொன்னது பாதி சரி.

பல் ஆடுவது, அதைத் தாங்கும் எலும்பு கரைவதால். முரசோரம் படியும் ஊத்தை காரையாக இறுகும். அங்குள்ள கிருமிகளால் முரசு வீங்கும். அந்த வீக்கம் நீடித்தால் எலும்பும் கரையும்.

நமது மலையகமே இதற்குச் சாட்சி. நோர்வே நாட்டு அறிஞர் ஹரால்ட் லோவும் குழுவினரும் 1970 முதல் 1985 வரை தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் வாயை மீண்டும் மீண்டும் பரிசோதித்தார்கள். பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ அவர்களுக்கு இருக்கவில்லை. (அப்படியொரு நிலை இருந்ததே நமக்கு வெட்கம்.) எல்லோர் பல்லிலும் ஊத்தையும் காரையும். ஆயினும் 100க்கு 8 பேருக்குப் பல்லின் பிடிமானம் வேகமாகக் குறைந்தது. 81 பேருக்கு மெதுவாக. 11 பேருக்கு முரசு வீங்கியதோடு சரி. 45 வயதில் முதற் பிரிவினர் சராசரி 13 மில்லிமீற்றர் பிடிமானம் இழந்திருந்தார்கள். கடைசிப் பிரிவினருக்கு 2 மில்லிமீற்றர்கூட இல்லை.

இந்த வேறுபாட்டில் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு என்பதை இரட்டையரை ஒப்பிட்ட பிந்திய ஆய்வுகள் காட்டின. ஆனால் பரம்பரை கூட்டுவதும் குறைப்பதும் வேகத்தைத்தான். ஊத்தையை நீக்குவது நம் கையில். புகையிலையும் சுருட்டும் கட்டுப்படாத நீரிழிவும் எலும்பை இன்னும் வேகமாகக் கரைக்கும்.

ஆகவே அந்தத் தாயின் பிள்ளைகளே மற்றவர்களுக்கு முந்திக் கவனமாயிருக்க வேண்டியவர்கள். இரவிலும் துலக்குங்கள், செங்கல் தூள் வேண்டாம். காரை எடுத்தால் பல் கழன்றுவிடும் என்று பயப்படாதீர்கள். முரசில் இரத்தம் கண்டால் அரசாங்க வைத்தியசாலைப் பல் பிரிவுக்கோ பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ போங்கள். பெற்றோருக்கு எந்த வயதில் பல் விழுந்தது என்பதையும் அங்கே சொல்லுங்கள்.