சவர்க்காரப் படலம் சொல்லும் கணிதம்

எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரு நாள் கம்பியை வளையமாக்கிச் சவர்க்கார நீரில் முக்கி எடுத்தோம். உள்ளே மெல்லிய படலம் நின்றது. கம்பியை நெளித்தாலும் படலம் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளவே பார்த்தது.

பெல்ஜியம் நாட்டு அறிஞர் ஜோசப் பிளாட்டோ (கிரேக்க ஞானி பிளேட்டோ வேறு) இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். இடையில் கண்பார்வை போயிற்று. மற்றவர்கள் பார்த்துச் சொல்லச் சொல்ல ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1873இல் நூலாக்கினார். எந்த வளையத்துக்கும் மிகக் குறைந்த பரப்பு ஒன்று கட்டாயம் உண்டா? கண்ணுக்குத் தெரிவது வேறு, நிறுவுவது வேறு.

1960இல் பெடரர், பிளெமிங் இருவரும் ‘கரண்ட்’ என்ற கருத்தைக்கொண்டு இதை அணுகினார்கள். மின்சாரம் அன்று, திசை குறித்த பரப்பு என்று கொள்ளலாம். ஒட்டிய இரண்டு காய்கறிப் பாத்திகளை, ஒவ்வொன்றாக, ஒரே சுழற்சியில் சுற்றி வாருங்கள். நடு வரப்பில் ஒரு முறை போவோம், மறுமுறை எதிராக வருவோம். இரண்டும் கழிந்துவிடும், வெளி வரப்பே எஞ்சும். எத்தனை துண்டுகள் ஒட்டினாலும் எல்லையை இப்படியே கணக்கிடலாம். பரப்பளவும் எல்லை நீளமும் ஒரு வரம்பை மீறாதிருந்தால், மேன்மேலும் சிறுக்கும் பரப்புகளிலிருந்து முடிவான ஒரு பரப்பை எட்டலாம் என்று அவர்கள் நிறுவினார்கள்.

ஆனால் ஒட்டிய இரு குமிழிகளைப் பாருங்கள். மூன்று படலங்கள் ஒரு கோட்டில் கூடுகின்றன; அங்கே இந்தக் கழித்தல் சரிவராது. அவை 120 பாகைக் கோணத்தில்தான் கூடும் என்பது பிளாட்டோ கண்ட விதி. அதைக் கணித முறைப்படி 1976இல் நிறுவியவர் ஜீன் டெய்லர் அம்மையார்.