உங்களுக்குத் தெரியுமா? இரவில் நீர் பாய்ச்சும் புதர்!

அமெரிக்காவின் மேற்கு வறள்நிலங்களில் வளரும் சேஜ்பிரஷ் புதர், ராத்திரியில் தன் வேர்கள் வழியாகக் காய்ந்த மண்ணுக்கு நீர் விடுகிறது!

● பகலில் இலைகள் நீரை மேலே இழுக்கும். இருட்டியதும் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். அப்போது ஆழத்து ஈரம் வேரில் ஏறி மேல்மண்ணில் கசியும். இதற்காகச் செடி தனியே சக்தி எதுவும் செலவிடுவதில்லை. ஈரமான இடத்திலிருந்து காய்ந்த இடத்துக்கு நீர் தானாகவே நகர்கிறது.

● மறுநாள் அந்த நீரைப் புதர் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்துப் புல்லுக்கும் அதில் பங்கு உண்டு! 1987இல் ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் என்ற ஆய்வாளர்கள் இந்த வேர்ப்பாசனத்தை விளக்கினார்கள்.

● மழை பெய்தால் ஓட்டம் தலைகீழ். மேல்மண் நீரை வேர்கள் ஆழத்துக்கு அனுப்பிவிடும்.

● நம் மரிக்கொழுந்தும் இதே பேரினம்தான்.