காவல் அதிகாரி உத்தியோகமும் இடைத்தரகர்களும்

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுக்கு அடியில், அதன் கருத்து சாமானியருக்கும் விளங்க வேண்டும் என்று சேர்க்கப்பட்ட உதாரணங்களுள் ஒன்று, சர்க்கார் உத்தியோகம் ஒன்றை வாங்கித் தருவதாக ஒருவர் வாக்களிக்க, அதற்குப் பிரதியாக ஆயிரம் ரூபாய் தருவதாக மற்றவர் வாக்களித்தால், அந்த உடன்படிக்கை செல்லாது என்று தெளிவாகச் சொல்கிறது. சட்டம் வந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயிரம் ரூபாய் பல லட்சமாக வளர்ந்துவிட்டது. ஆயினும், மகனுக்கோ மகளுக்கோ எஸ்.ஐ. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் மனிதரை நம்பி நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பணம் கொடுக்கும் பெற்றோர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பேராசைக்காரர்கள் என்று நான் கருதவில்லை. அந்த உத்தியோகத்துக்குச் செல்லும் நேரான வழிகள் எவை, ஒவ்வொரு வழியிலும் விண்ணப்பதாரருக்கு உள்ள உரிமை யாது என்பதை யாரும் அவர்களிடம் பொறுமையாக உட்கார்ந்து சொல்லாததே அவர்கள் ஏமாறுவதற்கு முதற்காரணம் என்பது என் அபிப்பிராயம்.

காவல்துறையின் படிவரிசையில் நடுவில் நிற்கும் உதவி ஆய்வாளர், ஆய்வாளர், துணைக் கண்காணிப்பாளர் ஆகிய மூன்று பதவிகளே பிரஜைகளின் வாழ்க்கையை அன்றாடம் தொடுகிறவை. ஏழையின் புகாரை வாங்கிப் பதிவு செய்வதும், திருப்பி அனுப்புவதும் நிலையத்தில் அமர்ந்திருக்கும் ஆய்வாளரும் உதவி ஆய்வாளரும் கைக்கொள்ளும் மனோபாவத்தைப் பொறுத்தவை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளைத் துணைக் கண்காணிப்பாளர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியே புலன்விசாரணை செய்ய வேண்டும் என்று 1995-ஆம் வருஷத்து விதிகள் கட்டளையிடுகின்றன. இத்தகைய ஆசனத்தில், விலை கொடுத்து உத்தியோகம் பெற்ற ஒருவர் வந்து அமர்வாரானால், தாம் போட்ட முதலை யாரிடமிருந்து அவர் மீட்பார் என்பதை எண்ணிப் பார்த்தால், இது வேலை தேடும் வாலிபர்களின் விவகாரம் மட்டும் இல்லை என்பது புலப்படும்.

தமிழ்நாட்டில் உதவி ஆய்வாளர் பதவிக்கு நேரடியாக ஆள் எடுக்கும் பொறுப்பு 1991-இல் அமைக்கப்பட்ட சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தைச் சேர்ந்தது. 2025-ஆம் ஆண்டில் 1,299 இடங்களுக்கு அது அறிவிக்கை வெளியிட்டது. பட்டம் பெற்று, 20 வயது நிரம்பி, பொதுப்பிரிவினராயின் 30 வயதைத் தாண்டாதவர் விண்ணப்பிக்கலாம். பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் பிரிவினர், ஆதரவற்ற விதவையர் முதலியோருக்கு வயது வரம்பில் தளர்வு உண்டு. எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறன் போட்டிக்கு 15, நேர்முகத் தேர்வுக்கு 10, தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றின் சான்றுகளுக்கு 5 என்று மதிப்பெண்கள் பங்கிடப்பட்டிருக்கின்றன. இந்தப் பங்கீட்டை ஒவ்வொரு பெற்றோரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், நேர்முகத் தேர்வில் தமக்கு வேண்டியவர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று இடைத்தரகர் சொல்லும் வார்த்தை, நூற்றில் பத்து மதிப்பெண்ணைப் பற்றிய வார்த்தைதான். அந்தப் பத்தும் முழுமையாகக் கிடைத்தாலுங்கூட, எழுத்துத் தேர்விலும் மைதானத்திலும் பின்தங்கியவரை அவை கரை சேர்க்க மாட்டா.

இரண்டாவது வாயில், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 1 தேர்வு. நமது தேர்வாணையம் 1929-இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய சர்வீஸ் கமிஷனின் வாரிசு. மாகாண அளவில் தேசத்திலேயே முதன்முதலாகத் தோன்றியது அதுதான். முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்ற மூன்று கட்டங்களையும் கடந்து இதன் மூலம் துணைக் கண்காணிப்பாளராகும் பட்டதாரி, காவலராகச் சேர்ந்தவர் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டும் எட்டாத ஸ்தானத்தில் உத்தியோகத்தைத் தொடங்குகிறார். இங்கே பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. உதவி ஆய்வாளர் தேர்வில் ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர் உயரமும் பெண்களுக்கு 159 சென்டிமீட்டர் உயரமும் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு இவை 167, 157. குரூப் 1 வழியாக டி.எஸ்.பி. ஆவதற்கோ ஆண்களுக்கு 165, பெண்களுக்கு 155 போதும். உயரம் அளக்கும் இடத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டரால் திருப்பி அனுப்பப்பட்டு, காக்கி உடுப்பின் ஆசையையே கைவிட்டுவிட்ட எத்தனையோ வாலிபர்களுக்கு, அதைவிட மேலான பதவியின் கதவு திறந்தே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாமற் போயிற்று.

மத்திய சர்க்காரின் வழிகளும் உண்டு. குடிமைப் பணித் தேர்வில் தேறி இந்தியக் காவல் பணிக்குச் செல்லலாம். உதவி கமாண்டன்ட் தேர்வு எழுதி மத்திய ஆயுதப் படைகளிலும், பணியாளர் தேர்வாணையத்தின் மூலம் டில்லி போலீஸிலும் அப்படைகளிலும் உதவி ஆய்வாளராகவும் சேரலாம். பின்னிரண்டுக்கும் பொதுவான வயது வரம்பு 20 முதல் 25 வரைதான் என்பதால், பட்டம் வாங்கிய கையோடு முயல வேண்டும். பதவி உயர்வு என்னும் மெதுவான பாதையையும் அலட்சியம் செய்யலாகாது. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் கால் நூற்றாண்டை ஒட்டிய சேவைக்குப் பின் சிறப்பு உதவி ஆய்வாளராகிறார். ஆனால் நேரடி எஸ்.ஐ. தேர்வில் துறையினருக்கென்று 20 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டிருப்பதால், ரோந்தும் பந்தோபஸ்தும் முடிந்த இரவுகளில் படிக்கத் துணிந்த காவலர் அந்தக் காத்திருப்பைப் பெரிதும் சுருக்கிவிட முடியும். துணைக் கண்காணிப்பாளராக எட்டு வருஷம் பணியாற்றியவர்கள், விதிகளின்படி அமையும் தேர்வுக் குழுவின் பரிசீலனைக்கு உட்பட்டு, இந்தியக் காவல் பணிக்கே உயர்த்தப்படலாம். அப்பணியின் மேல்நிலைப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு அவ்வாறு நிரப்பப்படுவது.

இனி அபாயங்களைச் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் 545 உதவி ஆய்வாளர் இடங்களுக்கு 2021 அக்டோபரில் நடந்த தேர்வில், வெறுமையாக விடப்பட்ட விடைத்தாள்கள் பின்னால் நிரப்பப்பட்டது வெளிப்பட்டு, 2022 ஏப்ரலில் தேர்வே ரத்தாயிற்று. ஆள் தேர்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்த உயர் போலீஸ் அதிகாரியே கைதானார். மறுதேர்வு 2024 ஜனவரியில்தான் நடந்தது. பணம் கொடுத்தவர்கள் பணத்தையும் மானத்தையும் இழந்து வழக்கில் சிக்கினார்கள். அவர்களைவிட என் நெஞ்சை வருத்துகிறவர்கள், எந்தத் தவறும் செய்யாமல் தேறி, இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, மறுபடியும் தேர்வறைக்குள் சென்று உட்கார நேர்ந்த மற்றவர்களே. 2024-இல் வந்த பொதுத் தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டம், மத்திய தேர்வு அமைப்புகள் நடத்தும் தேர்வுகளில் கூட்டாகச் சதி செய்வோருக்கு ஐந்து முதல் பத்து வருஷம் சிறையும் ஒரு கோடிக்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது. மாநில வாரியங்களின் தேர்வுகளை அந்தச் சட்டம் நேரடியாகத் தொடாதது ஒரு குறையே ஆகும்.

இடைத்தரகரைவிட அமைதியாக வந்து வாழ்க்கையைக் கெடுக்கும் அபாயம் வேறொன்று இருக்கிறது. தேர்வில் வென்ற பிறகு, உம்மீது குற்ற வழக்கு ஏதேனும் இருந்ததா என்று கேட்கும் நடத்தை விசாரணைப் படிவம் வருகிறது. கோயில் திருவிழாவில் நடந்த கைகலப்பில் பத்துப் பேரோடு ஒருவராகப் பெயர் சேர்க்கப்பட்டு, சமரசமாகி, எப்போதோ முடிந்துபோன வழக்குதானே என்று எண்ணி, "இல்லை" என்று எழுதிவிடுகிறான் ஓர் இளைஞன். அந்த ஒரு சொல்லே பின்னாளில் அவனை வேலையிலிருந்து இறக்கிவிடுகிறது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விவகாரங்களை மறைத்ததை நியமன அதிகாரி மன்னிக்கலாம் என்று சொன்னாலும், மன்னிப்பது அவருடைய விவேகத்தைப் பொறுத்ததே. மேலும், நமது மாநிலக் காவல் பணி விதிகளில், சந்தேகத்தின் பலன் அளிக்கப்பட்டு விடுதலையானவரைக் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கொள்ளும் விளக்கமும் இருக்கிறது. அது செல்லும் என்றே சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகையால், வழக்கு உள்ளவர் விண்ணப்பிக்கும் முன்பே தீர்ப்பின் நகலை வாங்கி, எந்தக் காரணத்தால் விடுவிக்கப்பட்டார் என்பதை வக்கீல் ஒருவரிடம் காட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். படிவத்தில் உள்ளதை உள்ளபடியே எழுத வேண்டும். தமிழ்வழியில் பயின்றோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீட்டுக்குப் பள்ளிப் பருவம் முதல் பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அவ்வாறே வாசிக்க வேண்டும். பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் அதுவே கிரிமினல் வழக்காகும்.

பரிகாரங்கள் இல்லாமல் இல்லை. உத்தேச விடைக் குறிப்பு வெளியாகும்போது, தவறென்று தோன்றும் விடைக்கு, ஆதார நூலுடன், குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம்; அந்த அவகாசம் கடந்தபின் நியாயஸ்தலம் ஏறினால், விடைகளைத் தாமே திருத்தி மதிப்பிட நீதிபதிகள் பெரும்பாலும் இசைவதில்லை. திருத்தப்பட்ட விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பார்வையிடத் தேர்வெழுதியவருக்கு உரிமை உண்டென்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனினும் குடிமைப் பணித் தேர்வு விஷயத்தில் பிந்திய தீர்ப்பொன்று இவ்வுரிமையைச் சுருக்கியிருக்கிறது. தேர்ந்தோர் பட்டியலில் பெயர் வந்த மாத்திரத்தில் நியமனம் உறுதியென்று நம்பிக் கடன் வாங்குவதும் ஆபத்தே. சங்கர்சன் தாஸ் என்பவர் இந்தியக் காவல் பணியில் காலியான இடத்துக்காகத் தொடுத்த வழக்கில், பட்டியலில் இடம்பெற்றதனாலேயே நியமனத்துக்கு மறுக்கவொண்ணா உரிமை பிறப்பதில்லை என்றும், ஆனால் சர்க்கார் மனம்போனபடி இடங்களைக் காலியாக வைக்கவும் முடியாதென்றும் 1991-இல் அரசியல் சாசன அமர்வு சொல்லிற்று.

தமிழ்நாட்டில் நிர்வாகத் தீர்ப்பாயம் 2006-இல் கலைக்கப்பட்டதால், மாநிலத் தேர்வுகளைப் பற்றிய வழக்குகள் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ உள்ள உயர் நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமானம் எவ்வளவாயினும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வக்கீலைக் கேட்டுப் பெறலாம். அதற்கான தொலைபேசி எண் 15100. நீதிமன்ற வழியின் வலிமைக்குச் சாட்சியாக நிற்பவர் பிரித்திகா யாஷினி. திருநங்கையாகிய அவர், தேர்வு வாரியத்தின் விண்ணப்பத்தில் தமக்கென்று ஓர் இடமே இல்லாத நிலையில், தேர்வின் ஒவ்வொரு கட்டத்திலும் உயர் நீதிமன்றத்தின் உத்தரவைப் பெற்று முன்னேறினார். அடுத்த தேர்விலிருந்து மூன்றாம் பாலினத்தவருக்கு இடமளிக்கும்படி 2015 நவம்பரில் நீதிமன்றம் வாரியத்துக்குக் கட்டளையிட்டது. 2017-இல் அவர் தருமபுரியில் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். அவருக்கு யாருடைய சிபாரிசும் தேவைப்படவில்லை.

ஏற்கனவே பணம் கொடுத்துவிட்டவருக்கும் ஒரு வார்த்தை. வேலைக்காகக் கொடுத்த பணத்துக்குப் புரோநோட்டு எழுதி வாங்கியிருக்கிறோமே என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டா. ஆரம்பத்தில் சொன்ன 23-ஆம் பிரிவு அதன் உயிரை எடுத்துவிடக்கூடும். ஏமாற்றிய குற்றத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. மாவட்டக் குற்றப் பிரிவிலோ, நகரமாயின் மத்தியக் குற்றப் பிரிவிலோ எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். பணம் இணையவழியாகச் சென்றிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். வாங்கியவர் அரசு ஊழியராயின், லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம் கூறினும், கட்டாயத்துக்கு உட்பட்டுக் கொடுத்தவருக்கு ஒரு பாதுகாப்பையும் அது வைத்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பு, கொடுத்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் அதிகாரிகளிடம் தெரிவிப்பவருக்கே உரியது. ஆகையால் வெட்கத்தை ஒதுக்கிவிட்டு இன்றே புறப்படுங்கள்.